நாற்பது எழுத்துத் தீர்ப்பு

"பிரியாணி இல்லைன்னா வெளியில எதுக்கும்மா போர்டு?" என்று தினேஷ் கேட்டபோது மணி ஒன்றரை. வெயில் பாதி ஹெல்மெட்டிலும் பசி பாதி வயிற்றிலுமாக எரிந்துகொண்டிருந்தது.

லிங்கராஜபுரத்தில் நாலு மேஜை, பதினாறு நாற்காலி போட்டு நடக்கும் சின்ன மெஸ் அது. நடத்துகிறவர் எலிசபெத். கேள்வியில் இருந்த சூட்டை அவர் கவனிக்காததுபோல இலையைத் துடைத்துப் போட்டார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை சார். தவக்காலம். ஈஸ்டர் வரிக்கும் வெள்ளிக்கிழமைல நாங்க கறி அடுப்புல ஏத்த மாட்டோம். சுத்தபோசனம், கறிதான் ஆகாது, மீன் ஆவும். மீன் கொழம்பு கீது, எண்ணெக் கத்திரிக்கா கீது. குந்துங்க, சூடா போடறேன்."

"நான் பிரியாணிக்குன்னே கம்மனஹள்ளியிலேர்ந்து வண்டிய எடுத்துட்டு வர்றேன்."

"நாளைக்கி வாங்க சார். நாளைக்கி இல்லைன்னா சண்டை போடுங்க, வாங்கிக்கிறேன்."

தினேஷ் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. இரண்டு டம்ளர் சீரகத் தண்ணீரைக் குடித்தான், போட்ட இலையைத் தொடாமல் எழுந்தான், போய்விட்டான். அலுவலகம் போகிற வழியில் பேக்கரியில் ஒரு எக் பஃப்ஸ் தின்றான். அது ஆறிப்போயிருந்தது. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

அந்த வருஷம், இரண்டாயிரத்து எட்டில், பெங்களூரில் எங்கே சாப்பிடலாம் என்று சொல்வதற்கென்றே ஒரு வலைத்தளம் புதிதாகக் கிளம்பியிருந்தது. அதன் பெருமையே சுருக்கம்தான். ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போடலாம். பக்கத்தில் ஒரு குட்டிப் பெட்டி, அதில் இங்கிலீஷில் நாற்பது எழுத்து. நாற்பத்தொன்றாவது எழுத்தை அது உள்ளே விடாது. படிக்கிறவனுக்கு நேரம் மிச்சம், எழுதுகிறவனுக்கு மூளை மிச்சம். நூற்றைம்பது ஓட்டல்களுக்குத் தீர்ப்பு எழுதினால் பெயருக்குப் பக்கத்தில் தங்க மெடல் படம் ஒன்று ஒட்டுவார்கள். தினேஷ் அதில் 'டினோ82' என்ற பெயரில் இருந்தான். நூற்று நாற்பத்தாறு முடித்திருந்தான்.

சீட்டில் உட்கார்ந்ததும் மெஸ்ஸின் பெயரைத் தேடினான். யாரோ பெயரையும் விலாசத்தையும் மட்டும் ஏற்றியிருந்தார்கள். ஒருவரும் எதுவும் எழுதவில்லை. முதல் தீர்ப்பு அவனுடையது. ஒரு நட்சத்திரம். 'வேஸ்ட். டோன்ட் கோ.' புள்ளியும் இடைவெளியும் சேர்த்துப் பதினாறு எழுத்து. மிச்சமிருந்த இருபத்துநாலை அவன் தொடவேயில்லை. நூற்று நாற்பத்தேழு ஆயிற்று. வேலையைப் பார்க்கப் போனான்.

சிக்பேட்டையில் புடவை பேரம் பேசுகிற பெண்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். 'நல்லா இல்லை' என்று சொன்னால் கடைக்காரன் அசையமாட்டான். 'பார்டர்ல ரெண்டு இடத்துல இழை பிரிஞ்சிருக்கு, பாருங்க' என்றால்தான் விலை இறங்கும். குறை சொல்வது ஒரு தொழில். விரலை வைத்துக் காட்ட வேண்டும். புகழ்ச்சியும் அப்படித்தான். பக்கத்தில் நின்று 'ஆஹா, இந்தக் கலர் உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு' என்று உருகுகிற அம்மாள் கடைக்காரனின் மச்சினியாக இருக்கும் என்று எச்சரிக்கையாக இருப்போம். இவ்வளவு சூட்டிகையான ஊர், கம்ப்யூட்டர் திரையில் முகம் தெரியாத ஒருவன் 'வேஸ்ட்' என்றதும் கைகட்டி நம்பிவிடுகிறது.

எலிசபெத்துக்கு இது எதுவும் தெரியாது. அவருடைய கவலை வேறாக இருந்தது. கணவர் பீட்டர் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர். இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கத்தை மூடியதும் இருவரும் பெங்களூருக்கு வந்து இந்த மெஸ்ஸைத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மெஸ்ஸில் இடம் கிடைக்காது. மற்ற நாளில் நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். கடைக்குச் சொந்தக்காரர், மொபைல் ஷோரூம்காரன் கேட்கிறான் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். ஒரு அபார்ட்மென்ட்டில் பீட்டரைக் காவலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மகா ஒரு வழி சொன்னாள். மெஸ்ஸுக்கு மாடியில் குடியிருக்கும் பெண். கம்மனஹள்ளியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. "எங்க ஆபீஸ்ல அறுபது பேருக்குத் தினமும் மதிய சாப்பாடு போட ஆள் தேடறாங்க ஆண்ட்டி. வாங்க, அட்மின் சாரைப் பார்க்கலாம்."

அறுபது இலை தினமும் விழுந்தால் மெஸ் பிழைக்கும். விழாவிட்டால் மாதக் கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டியதுதான். கணவன் மனைவி இருவருக்கும் இது தெரியும், அதனால் இருவரும் இதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை எலிசபெத் நாலடுக்கு கேரியருடன் அட்மின் ஜெயராமனின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஜெயராமன் முதலில் ஸ்பூனால் சாப்பிட்டார். அப்புறம் ஸ்பூனை வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டார். அப்புறம் கேரியரின் அடித்தட்டை விரலால் வழித்தார்.

"இந்தக் கத்திரிக்கா யாரும்மா செஞ்சது?"

"நான்தான் சார்."

"எங்க அம்மா கை மாதிரி இருக்கு. அடடா." கையைக் கழுவிவிட்டு வந்து கம்ப்யூட்டரைத் திருப்பினார். தட்டினார். முகம் மாறியது. "என்னம்மா இது, நெட்ல உங்க பேரு சரியில்லையே."

"எந்த நெட் சார்?"

"ஒரே ஒரு ரிவியூ. ஒத்தை ஸ்டார். வேஸ்ட், போகாதேன்னு போட்டிருக்கு."

மகா குறுக்கிட்டாள். "சார், இப்பதானே நீங்களே வழிச்சு வழிச்சு சாப்பிட்டீங்க!"

"நல்லாத்தாம்மா இருக்கு. யாரு இல்லைன்னா? ஆனா நாளைக்கு ஒருத்தனுக்கு வயித்தால போச்சுன்னு வெச்சுக்கோ. 'நெட்ல போட்டிருந்துச்சே, பார்க்கலையா ஜெயராமன்'னு மேல கேட்பாங்க. என் நாக்கைக் கொண்டுபோயா காட்ட முடியும்?"

சாப்பிட்ட நாக்கு நல்லது என்கிறது, சாப்பிடாத திரை கெட்டது என்கிறது. ஜெயராமன் திரையின் பக்கம் சாய்ந்தார். மோசமான மனிதர் இல்லை. தன் மேஜையைக் காப்பாற்றிக்கொள்கிற மனிதர், அவ்வளவுதான். இரக்கப்பட்டு ஒன்று மட்டும் சொன்னார். "திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. நல்ல ரிவியூ ஒரு பத்து வந்துதுன்னா, பிரிண்ட் எடுத்து மேல காட்டிக்கிறேன்."

அன்று மாலையே எலிசபெத் தெருமுனையில் உமேஷின் பிரவுசிங் சென்டருக்குப் போனார். உமேஷ் கன்னடக்காரர், லிங்கராஜபுரத்தில் கடை வைத்துத் தமிழ் பழகியவர். திரையைக் காட்டினார்.

எலிசபெத் எழுத்துக்கூட்டிப் படித்தார். "வேஸ்ட்னா இன்னா வேஸ்ட்? சோறா, கொழம்பா, நானா?"

"அது ஹாக்கிலா ஆண்ட்டி. போடலை."

"எழுதினது யாரு?"

"டினோ எம்பத்திரெண்டு."

"இது இன்னா பேரு, பஸ் நம்பரா? சரி, அந்தாளுக்கு ஒரு பதில் எழுது. இன்னா கொறைன்னு கேளு. தப்பு இருந்தா காலைப் புடிக்கிறேன், இல்லைன்னா சட்டையப் புடிக்கிறேன்."

"ஓட்டல்காரங்க பதில் எழுத இடம் கொடுக்கலை ஆண்ட்டி. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் பொறுத்துக்கங்க."

எலிசபெத்துக்கு அதுதான் தாங்கவில்லை. ஏழு வருஷத்தில் எத்தனையோ பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள். உப்பு இல்லை என்று ஒருவர் இலையோடு எழுந்து வந்திருக்கிறார். ஒரு ஆட்டோக்காரர் மீனில் முள்ளைக் காட்டி அரைமணி நேரம் சண்டை போட்டு, மறுநாள் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டார். திட்டுக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு காரணம் இருந்தது. இதற்கு இரண்டும் இல்லை.

வழி கிடைக்காதவர்கள் செய்கிற காரியத்தைத்தான் அவரும் செய்தார். அவர்கள் தெருவின் அன்பியத் தலைவி கேத்தரினிடம் போய் அழுதார். அன்பியம் என்பது பங்குக் கோயிலில் தெருவுக்குத் தெரு கூடி ஜெபம் சொல்லும் குழு. நோய், கல்யாணம், சாவு என்று எதற்கும் முதலில் வந்து நிற்பவர்கள் அவர்கள்தான். கேத்தரின் அம்மா ஒரே சொல்லில் முடித்தார். "கவலப்படாதே. நம்ம எல்லாரும் போறோம்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதினோரு பேர் உமேஷின் கடையில் வரிசையாக நின்றார்கள். அடையாள அட்டை கேட்பார்கள் என்று ரேஷன் கார்டும் கையில். ஒரே கம்ப்யூட்டர்; ஒருவர் எழுந்தால் அடுத்தவர். என்ன எழுதுவது என்று முதலில் உட்கார்ந்தவருக்குத் தெரியவில்லை. கேத்தரின் அம்மா சொல்லிக் கொடுத்தார். 'சூப்பர் ஃபுட். பிரைஸ் த லார்ட்.' அடுத்தவரும் அதையே அடித்தார். அதற்கடுத்தவரும். அந்தப் பதினோரு பேரில் நாலு பேர் மெஸ்ஸில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. சர்க்கரை வியாதிக்காரரான கேத்தரின் அம்மா வெளியில் சாப்பிட்டே பத்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அஞ்சு நட்சத்திரம் போட்டார். அன்பு இருக்கும் இடத்தில் ருசி எதற்கு?

சாயங்காலத்துக்குள் வலைத்தளம் விழித்துக்கொண்டது. ஒரே கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மணி நேரத்தில் பதினோரு பேர் ஒரே வார்த்தையில் ஆண்டவரைத் துதித்தால் எந்த இயந்திரத்துக்கும் சந்தேகம் வரும். பதினொன்றையும் நீக்கிவிட்டு, பக்கத்தின் தலையில் சிவப்புப் பட்டை போட்டார்கள்: இந்த உணவகம் பொய்ப் புகழ்ச்சி சேர்க்கிறது, எச்சரிக்கை. அதன் கீழே டினோ82 மட்டும் தனியாக, நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை ஜெயராமன் மகாவைக் கூப்பிட்டார். "சும்மா இருந்திருந்தாக்கூட பேசிப் பார்த்திருப்பேன். இப்ப ஃப்ராடுன்னே போட்டுட்டான். என்னை மாட்டி விடாதேம்மா." நாலரை நட்சத்திரம் வாங்கிய ஒரு கேட்டரிங்காரனுடன் அன்றே ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அவனுக்கு நாற்பது பேர் 'ஆசம்!' என்று எழுதியிருந்தார்கள்.

எது ஆசம் என்று புதன்கிழமைதான் தெரிந்தது. சோறு கட்டியாக வந்தது. சாம்பாரில் கேரட் தனியாக நீச்சலடித்தது. விசாரித்துப் பார்த்தால் அவர்கள் பிறந்தநாள் விழா நடத்துகிறவர்கள். அந்த 'ஆசம்' எல்லாம் பலூனுக்கும் மேஜிக் ஷோவுக்கும் போட்டது. நாற்பது எழுத்தில் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"இதை எவன்டா செலக்ட் பண்ணினான்? நாய்கூடத் தின்னாது குரு!" என்று கேன்டீனில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் தினேஷ்; அவனும் அதே கம்பெனிதான். அந்த வாரக் கடைசியில் அவனுக்கு நூற்றைம்பது முடிந்தது. தங்க மெடல் வந்துவிட்டது. தன் டீமுக்கு மைசூர் பாக்கு வாங்கி வந்து திரையைத் திருப்பிக் காட்டினான். மகா அவனுடைய டீமில்தான் இருந்தாள்.

"ஓ, டினோ நீங்கதானா சார்?" என்றாள் மகா. மைசூர் பாக்கை அப்படியே பெட்டியில் திருப்பி வைத்தாள். "லிங்கராஜபுரம் எலிசபெத் மெஸ்ஸில என்ன சாப்பிட்டீங்க?"

"எந்த மெஸ்?"

"இதோ, நூத்தி நாப்பத்தேழு. வேஸ்ட், டோன்ட் கோ."

அவன் யோசித்தான். "ஓ, அதுவா. பிரியாணி போர்டை வெச்சுட்டு பிரியாணி இல்லைன்னாங்க."

"அதான் கேக்கறேன். என்ன சாப்பிட்டீங்க?"

"தண்ணி குடிச்சேன்."

"தண்ணி வேஸ்ட்டா இருந்துச்சா சார்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மகா சிரிக்கவில்லை. அறுபது இலைக் கதையை, கேரியரின் அடித்தட்டை, பதினோரு ரேஷன் கார்டை ஒன்றுவிடாமல் சொன்னாள். டீம் லீடர் என்றும் பார்க்கவில்லை. "நீங்க இப்ப தினமும் திட்டிக்கிட்டே திங்கறீங்களே, அந்தச் சோறு, அதை செலக்ட் பண்ணினது நீங்கதான். மாசக் கடைசியில கடையக் காலி பண்றாங்க. மெடலை நல்லா துடைச்சு வெச்சுக்கோங்க."

தினேஷ் முதலில் செய்தது எழுதியதை அழிக்கப் பார்த்ததுதான். வலைத்தளம் விடவில்லை. போட்டது போட்டதுதான் என்று அதன் விதியில் இருந்தது. எழுதும்போது வசதியாக இருந்த விதி. உதவி மையத்துக்கு மெயில் போட்டான். 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்று அந்த நிமிஷமே தானாக ஒரு பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் மெஸ்ஸுக்குப் போனான். பீட்டர் ஓரமாக உட்கார்ந்து நீலச் சட்டை ஒன்றுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். தோள்பட்டையில் செக்யூரிட்டி என்று எழுதியிருந்தது.

எலிசபெத் நிமிர்ந்து பார்த்தார். "வாங்க சார். அன்னிக்கி தண்ணி குடிச்சிட்டுப் போனவருதானே? இன்னிக்கி பிரியாணி கீது."

"ஆண்ட்டி, நான்தான் அந்த டினோ."

கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்த சத்தம் கேட்டது. அவர் அதை எடுத்து ஓரமாக வைத்தார். அப்புறம் நிறையப் பேசினார். அதில் பாதியை அச்சில் போட முடியாது. "கையில சோத்த வாங்கித் தூக்கி என் மூஞ்சில அடிச்சிருந்தாக்கூட கேட்டிருப்பேன் தம்பி. இலையத் தொட்டியா நீ? தொடாத இலைக்கு இன்னா மார்க் போட்டே?"

"தப்புதான் ஆண்ட்டி. சரி பண்ணிடறேன். என் ஃபிரெண்ட்ஸ் முப்பது பேரு இருக்காங்க, வேற வேற கம்ப்யூட்டர். எல்லாரையும் சூப்பர்னு போடச் சொல்றேன். யாருக்கும் சந்தேகம் வராது."

"த்தூ!" என்றார் எலிசபெத். "சாப்பிடாம வேஸ்ட்டுன்னே. இப்போ சாப்பிடாம சூப்பருன்றே. ரெண்டும் ஒரே பொய்தானே? நானும் அன்பியத்தக் கூட்டிக்கினு போய் அதே பொய்யச் செஞ்சேன், ஆண்டவரு உடனே கைல குடுத்தாரு. குந்து மொதல்ல."

இலை போட்டார். பிரியாணி, கத்திரிக்காய், சோறு, ரசம். தினேஷ் தலைகுனிந்து சாப்பிட்டான். பரீட்சை எழுதுகிறவனைக் கண்காணிப்பதுபோல அவர் எதிரிலேயே நின்றார்.

"எப்பிடி கீது?"

"நல்லா இருக்கு ஆண்ட்டி."

"நல்லான்னா எது நல்லா? மறுபடியும் ஒத்தை வார்த்தையா?"

அவன் மறுபடி ஒரு வாய் எடுத்து, இந்தத் தடவை நிதானமாக மென்றான். "கத்திரிக்காதான் ஃபர்ஸ்ட். புளிப்பு சரியா நிக்குது. பிரியாணியில கறி நல்லா வெந்திருக்கு, ஆனா அரிசி கொஞ்சம் கொழைஞ்சிருக்கு. ரசம்..." என்று தயங்கினான்.

"சொல்லு."

"மிளகு ஜாஸ்தி. தொண்டையைப் புடிக்குது."

"ஏழு வருசமா நானும் அதத்தான் சொல்றேன்!" என்றார் பீட்டர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ சும்மா இரு. மிளகு இல்லாம அது ரசமா, குளிக்கிற தண்ணியா?" என்று அவரிடம் பாய்ந்தவர், ரசப் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தானே குடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டார். "சரி. நாளைக்கி கொறைக்கிறேன்."

தினேஷ் கைகழுவிவிட்டு அங்கிருந்தே ஜெயராமனுக்குப் போன் செய்தான். "சார், எலிசபெத் மெஸ்ஸுக்கு வேஸ்ட்டுன்னு எழுதினது நான். சாப்பிடாமலே எழுதினேன்." ஜெயராமனின் குரல் போனுக்கு வெளியே கேட்கும் அளவுக்கு வந்தது. "ஏம்ப்பா, ஆறு மாசத்துக்குக் கையெழுத்து ஆயிடுச்சே! இப்ப வந்து சொல்றியே! அந்தச் சோத்த நானும்தான்யா தினம் தின்னுறேன்!" காகிதம் புரட்டும் சத்தம். "சனிக்கிழமை ஷிஃப்டுக்கு இருபது பேரு வர்றாங்க. கேட்டரிங்காரன் சனிக்கிழமை வரமாட்டான். அதை வேணா அந்தம்மாவுக்குக் கொடுக்கலாம். மேல கேட்டா என் நாக்குதான் ரிவியூன்னு சொல்லிக்கிறேன்."

வாரத்தில் ஒரு நாள் இருபது இலை. அடுப்பு அணையாது, அவ்வளவுதான். அறுபது இலை போனது போனதுதான். கடைச் சொந்தக்காரரிடம் பேசி இன்னும் இரண்டு மாதம் இழுக்கலாம் என்று எலிசபெத் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். பீட்டர் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். இரண்டு மணி ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது. நிலத்துக்கு அடியில் இருபது வருஷம் வேலை பார்த்த மனிதர், அபார்ட்மென்ட் கேட்டைத் திறந்து மூடுவதற்காகத் தெருவில் இறங்கி நடந்தார். தினேஷ் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். தான் எழுதியது எத்தனை எழுத்து என்று அவன் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணத் தைரியம் வரவில்லை.

"அங்க இனிமே எழுத மாட்டேன் ஆண்ட்டி" என்றான்.

"ஏன் எழுதாதே? எழுது. கொறை இருந்தா கண்டிப்பா எழுது" என்றார் எலிசபெத், அவன் இலையை மடித்துக்கொண்டே. "ஆனா ஒருத்தர் சோத்தப் பத்தி வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாய் சாப்புடணும். சாப்டப்புறம் நல்லா இல்லைன்னா, எது நல்லா இல்லைன்னு சொல்லணும். சொன்னாத்தான் நான் திருத்துவேன், படிக்கிறவனும் ஏமாற மாட்டான். காரணம் எழுத எடமில்லாத எடத்துல எழுதவும் கூடாது, அத நம்பி சாப்புடப் போகவும் கூடாது. ஒரே வார்த்தையில ஒருத்தர் பொழைப்புக்குத் தீர்ப்பு சொல்ல நாம யாரு தம்பி?"